ஏறிக்குங்க

காரின் பின் கதவு விரலளவு திறந்திருந்தது.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஜோஹராவின் கண்ணில் பட்டது அதுதான். மூன்று வாரமாக யாரும் தொடாத கார். கூரையிலிருந்த சின்ன விளக்கு பீடி நுனியாகச் சிவந்து கிடந்தது. கதவு சரியாகச் சாத்தாததால் அது இரவும் பகலும் எரிந்து பேட்டரியைக் குடித்துத் தீர்த்திருந்தது. அவள் புருஷன் கலீல் சாவியைத் திருகினான். 'டிக்' என்றது. மறுபடி திருகினான். அந்தச் சத்தமும் இல்லை.

"பேட்டரி இறங்கிடுச்சு."

"கதவ யாரு தொறந்தது?"

"நான்தான் சரியா சாத்தாம வுட்டிருப்பேன்."

இல்லை. மூன்று வாரம் முன்னால் அதைச் சாத்தியவள் ஜோஹரா. இரண்டு முறை இழுத்தும் பார்த்திருந்தாள். இப்போது பின் சீட்டைத் தொட்டால் உறை ஈரமாக இருந்தது. நடுவில், ஒரு ஆள் நெடுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம். பக்கத்துக் கிடங்கின் கடுக்காய் நெடியையும் மீறி, கிணறு தோண்டும்போது வருகிற ஆழத்து மண்ணின் வாடை. நின்று யோசிக்க நேரமில்லை. இடுப்பில் நாலு வயசு சகிலா நெருப்பாகக் கொதித்தாள். மத்தியானம் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. அடுத்தது வருவதற்குள் ஆலங்காயம் டாக்டரிடம் சேர்த்தாக வேண்டும்.

தோல் பதனிடும் வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்குக் கடுக்காய் வாங்கி அனுப்புவது கலீலின் தொழில். அதற்காகத்தான் தை மாசம் இந்த மலையில் வாசம். சரக்கு லாரியில் போகும், அவன் நடந்தே ஊர் ஊராகப் போவான். கார் மட்டும் பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் பளபளவென்று வெளியே வரும். முன்னால் மாட்டிச் சுழற்றி எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டில் வாணியம்பாடி வீட்டிலேயே தங்கிவிட்டது. கிடங்குக் காவல்காரர் தீர்த்தகிரி செங்கம் சந்தைக்குப் போயிருந்தார். மிச்சம் இவர்கள் மூவர்தான்.

"நான் தள்றேன், நீ ஸ்டியரிங்ல உக்காரு. ரெண்டாவது கியர். வண்டி உருண்டதும் கிளச்ச பட்டுன்னு வுடு."

தோல் ஷாப் வாசலில் கலீல் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொந்தக்காரர்கள் வாயில் கை வைத்தார்கள். பொம்பளை ஓட்டினால் சக்கரம் கழன்று விழுமா என்று கேட்டவள் ஜோஹரா. காலையில் சாமை கொண்டுவந்த மலைக்காரி மங்கம்மாளுக்கும் அப்படித்தான் பதில் சொன்னாள். "கார்ல யாரையாச்சும் ஏத்துனா பேரச் சொல்லி ஏத்தும்மா. சும்மா ஏறுன்னா எது வேணா ஏறிக்கும்" என்றாள் மங்கம்மாள். "எங்க வண்டியில ஏற அதுக்கு இன்னா தைரியம்?" என்று ஜோஹரா சிரித்து அனுப்பிவிட்டாள்.

சகிலாவை முன் சீட்டில் போர்வையோடு சாய்த்தாள். மணி நாலுதான். ஆனாலும் பனி இறங்கி, ஷெட் வாசலிலிருந்த புளியமரம்கூடத் தெரியவில்லை. பின்னால் கலீல் முக்கினான், செருப்பு சரளையில் வழுக்கியது, மூச்சு வாங்கியது. வண்டி அசையவில்லை. பிறகு திடீரென்று கிளம்பியது. ஒரே ஆள் தள்ளுகிற வேகமில்லை அது. பின்னால் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம். சரிவு வந்ததும் கிளச்சை விட்டாள். கார் ஒரு குலுங்கு குலுங்கி, இருமி, பிடித்துக்கொண்டது.

நிறுத்த முடியாது. நிறுத்தினால் எஞ்சின் அணையும். அணைந்தால் கீழே இருக்கும் ஏற்றத்தில் எவனாலும் தள்ள முடியாது. வேகத்தை மட்டும் குறைத்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்.

"ஏறிக்குங்க!"

கட்டிக்கொண்ட ஏழு வருஷத்தில் அவள் புருஷன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்த வீட்டிலும் பெண்கள் சொல்வதில்லை.

பின் கதவு திறந்தது. மூடியது. வண்டியின் பின்பக்கம் கனத்து இறங்கியது.

"அடி கிடி பட்டுச்சா?"

ஓடிவந்து ஏறிய மனுஷனுக்கு மூச்சு இரைக்க வேண்டாமா? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எஞ்சின் சத்தம். சகிலாவின் சின்ன மூச்சு. வேறொன்றும் இல்லை. அந்த ஆழத்து மண் வாடை மட்டும் அவள் பிடரியில் ஈரமாகப் படிந்தது.

அப்போது, வெகு பின்னால், பனிக்குள்ளிருந்து:

"ஜோஹரா! வுழுந்துட்டேன்! நிறுத்து, நான் இன்னும் ஏறல!"

கால் பிரேக்குக்குப் போனது. பாதியில் நின்றது. நின்றால், பின் சீட்டில் இருக்கும் இதோடு நிற்க வேண்டும். குழந்தையோடு. பனியில். பயத்தைவிட அவளுக்குக் கோபம்தான் அதிகமாக வந்தது.

"யாரா இருந்தாலும் கேட்டுக்கோ," என்றாள், கண்ணாடியைப் பார்க்காமல். "எம்புள்ளய டாக்டர்கிட்ட சேக்குறவரைக்கும் இந்த வண்டி நிக்காது. இஷ்டம்னா உக்காந்து வா. இல்ல, எறங்கிப் போ."

சீட்டின் ஸ்பிரிங் முனகியது. இறங்கவில்லை.

வெளியே இருப்பவன்தான் அவளுடையவன். வண்டி நிற்காது என்று அவனுக்குத் தெரியட்டும். வெட்கத்தை விட்டு, தொண்டை கிழியக் கத்தினாள்.

"கலீல்! நடந்தே வாங்க, கலீல்!"

பின் சீட்டில் ஏதோ வாயைத் திறந்தது.

"க," என்றது. "லீ. ல்."

ருசி பார்ப்பது போல இன்னொரு தடவை. பிறகு கலீலின் குரலிலேயே, தெளிவாக:

"இன்னாமே, கூப்புட்டியா?"

ரோட்டில் கத்திக்கொண்டிருந்த குரல் பாதிச் சொல்லில் நின்றது. அதன்பின் அது வரவே இல்லை. பேர் சொல்லாமல் கூப்பிட்டதும் ஏறிக்கொண்ட அதற்கு, இப்போது அவளே ஒரு பேரும் கொடுத்துவிட்டாள்.

"பேர் இருந்தா இருக்கட்டும்!" அவள் பல்லைக் கடித்தாள். "நீ அவரு இல்ல."

சகிலா கண் விழித்தாள். போர்வையை உதறி எழுந்து, சீட்டின் முதுகைப் பிடித்துப் பின்னால் பார்த்தாள். காய்ச்சலில் வெடித்த உதடு சிரித்தது. இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

"அத்தா, தூக்கு."

ஜோஹராவின் இடது கை குழந்தையின் கவுனைக் கொத்தாகப் பிடித்தது. வலது கை ஸ்டியரிங்கில். வளைவு. இன்னொரு வளைவு.

சீட்டுக்கு மேலே கைகள் வந்தன. ஈரமானவை. முழங்கை தாண்டியும் நீண்டுகொண்டே வந்தன. விரல்களைச் சகிலாவின் அக்குளில் கொடுத்து, பெற்ற தகப்பனைப் போலவே பதமாகத் தூக்கின.

"குடுக்க மாட்டேன்," என்றாள் ஜோஹரா.

கவுனின் தையல் ஒவ்வொன்றாக அறுந்தது. அவள் பிடியையும் விடவில்லை, ஆக்சிலேட்டரையும் விடவில்லை.