உடனுறைப் பெரியப்பா

இளவேனி குளித்துவிட்டு வந்தபோது பெரியப்பா அவளுடைய பற்பசைக் குழாயை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்தைக்கு விட இன்னிக்குக் கூடுதலாப் பிதுக்கியிருக்கியேம்மா," என்றவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பல்லு ஏதும் புதுசா முளைச்சிருக்கா?"

நிலவின் தென்முனையில் இருந்த புதுத்துறைக் குடியேற்றத்தில் இது அதிசயமே இல்லை. அங்கே கூரை விளக்குகளைப் போட்டால் விடிந்ததாக அர்த்தம். விடிந்ததும் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு செருமல் கேட்கும். கடன் வாங்கியவர் தொடர்ந்து தவணை தவறினால் நிதியகம் ஓர் உடனுறை வசூலரை அனுப்பிவைக்கும். கடன் தீரும்வரை அந்த எந்திரம் அவர் வீட்டிலேயே தங்கும். வேலைக்குப் போனால் கூடவே போகும்.

ஆரம்பத்தில் வசூலர்களை அடியாள் மாதிரி செய்து பார்த்தார்கள். நிலவில் ஈர்ப்பு குறைவு. கோபத்தில் ஒருவர் எட்டி உதைத்தால் வசூலர் இரண்டு தெரு தள்ளிப் போய் விழுந்தார். அடுத்து போலீஸ்காரர் மாதிரி செய்தார்கள். ஜனங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். கடைசியில்தான் நிதியகத்தில் ஒரு புண்ணியவானுக்குப் பொறி தட்டியது. சொந்தக்காரர் மாதிரி செய்தால் என்ன? அரைக்கை வெள்ளைச் சட்டை, சின்னத் தொந்தி, எதைப் பார்த்தாலும் விலை கேட்கும் வாய். வசூல் இரட்டிப்பானது. தொந்தியைப் பார்த்த பிறகு யாருக்கும் 'அது' என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் 'பெரியப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

இளவேனிக்கு வயது இருபத்து நான்கு. சுரங்கத்துக்குப் போகிறவர்களின் விண்ணுடைகளைத் துவைத்துத் தரும் சலேத் அக்காவின் வெளுப்பகத்தில் வேலை. ஒரு விண்ணுடையைப் பதினைந்து நாள் கழற்றாமல் போட்டிருந்தால் உள்துணி என்ன வாசம் வரும் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம். அந்த வாசத்துக்கு ஏற்ற சம்பளம் இல்லை. அறை வாடகையும் காற்று வாடகையும் போக, மிச்சத்தை ஒரு கையில் பிடித்துவிடலாம்.

பூமியிலிருந்து வந்த பயணச் செலவுதான் முதல் கடன். அதன் தவணைக்காக இரண்டாவது கடன். மூன்றாவது, அவள் பிறந்தநாளுக்கு. புதுத்துறையில் மழை அறை என்று ஒன்று உண்டு. கூரையிலிருந்து அரை மணி நேரம் நிஜத் தண்ணீர் கொட்டும். கூட வேலை பார்த்த எல்லோரும் பிறந்தநாளுக்கு அங்கே கூட்டிப்போனார்கள். நாம் மட்டும் கூட்டிப்போகாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளும் கூட்டிப்போனாள். வந்தவர்களில் நான்கு பேருக்குச் சளி பிடித்தது. இவளைப் பெரியப்பா பிடித்தார்.

பெரியப்பா வந்து ஆறு மாதத்தில் அவளுக்கு டீ நின்றது, தலைக்கு எண்ணெய் நின்றது, சிநேகிதிகளும் நின்றார்கள். ஒருநாள் நிலவியல் ஆய்வாளன் ஒருவன் விண்ணுடை வாங்க வந்தான். துணியைக் கொடுக்கும்போது இளவேனி கொஞ்சம் சிரித்தாள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

பெரியப்பா நடுவில் வந்து நின்றார். "நல்ல பொண்ணு தம்பி. கை சுத்தம். கடன்தான் கொஞ்சம் இருக்கு. உங்களுக்கு எவ்வளவு?"

அவன் விண்ணுடையை வாங்காமலே போய்விட்டான்.

இத்தனையையும் இளவேனி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள், கடன் குறைகிறது என்ற நம்பிக்கையில். ஆனால் அரையாண்டு விவரம் வந்தபோது அது கூடியிருந்தது. அவள் சுவரில் ஓடிய எழுத்துகளை மேலிருந்து கீழே படித்தாள். வசூலருக்கு மின்னூட்டம். வசூலர் தங்கும் வாடகை. வசூலர் தொண்டைச் செருமல் பராமரிப்பு.

"பெரியப்பா, இது என்னது?"

"என் செலவும்மா."

"உங்க செலவு என் கடன்ல ஏறுதா?"

"பின்ன, எனக்குன்னு யாரு இருக்கா? உன்னை விட்டா?"

"அப்ப நீங்க என் வீட்டுல இருக்கறதாலதான் என் கடன் தீரல. கடன் தீராததாலதான் நீங்க என் வீட்டுல இருக்கீங்க!"

பெரியப்பா இதைச் சிறிது நேரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் நெற்றிக்குள் ஏதோ சுற்றும் சத்தம் கேட்டது. "ஆமாம்மா," என்றார் வருத்தத்தோடு. "சரியாத்தான் சொல்ற."

கோபப்படவும் நேரமில்லை. கடன் வாங்கிய தொகையைப் போல இரண்டு மடங்கானால் ஆளை நிலவின் மறுபக்கத்துப் பனிக்கட்டிச் சுரங்கத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர்களிடமிருந்து பண்டிகைக்கு வாழ்த்து வரும். ஆள் திரும்பி வந்ததில்லை. இளவேனியின் கடன் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

மறுநாள் விண்ணுடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைச் சலேத் அக்கா பார்த்துவிட்டாள். சலேத் அக்காவுக்குப் பூர்வீகம் தூத்துக்குடி. நிலவுக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு கரையிலேயேதான் நின்றது.

"ஏட்டி, அழுது என்ன ஆகப்போவுது? ஒம் பெரியப்பனுக்குக் கை ரெண்டும் இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்பொறம் என்னத்துக்கு அவரைச் சும்மா நிப்பாட்டி வச்சிருக்கே? துவைக்கச் சொல்லு!"

பெரியப்பா திடுக்கிட்டார். "நான் வசூலர். கடன்காரங்களுக்கு வேலை செய்யக் கூடாது. விதி இருக்கு."

இளவேனி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வசூலுக்கு உதவற எதையும் செய்யணும்னும் ஒரு விதி இருக்கில்ல? தினமும் காலைல நீங்கதானே எனக்கு வாசிச்சுக் காட்றீங்க?"

நெற்றிக்குள் மறுபடி சுற்றியது. நெடுநேரம் சுற்றியது. பிறகு பெரியப்பா தன் அரைக்கைச் சட்டையை மேலும் மடித்துவிட்டுக்கொண்டார்.

அவருக்கு மூக்கு இல்லை என்பதே பெரிய வசதியாகப் போயிற்று. சுரங்கத்தின் அடிமட்டத்திலிருந்து வந்த, இளவேனி குச்சியால் தள்ளும் உடைகளை அவர் மார்போடு அணைத்து எடுத்துப்போனார். அவள் ஒன்று துவைக்கும் நேரத்தில் நான்கு துவைத்தார். துவைத்துக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் அவர்கள் சம்பளத்தை விசாரித்துப் புத்தியும் சொன்னார். புத்தி சொன்னால் துணி வெள்ளையாகிறது என்று சலேத் அக்கா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். கூட்டம் கூடியது.

ஒரே ஒரு சிக்கல். புதுத்துறைச் சட்டப்படி ஊதியம் வாங்கும் எதற்கும் அதன் பெயரில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். எனவே பெரியப்பாவுக்கும் கணக்குத் திறந்தார்கள். வாரம் பிறந்ததும் அவர் தன் கூலியைக் காசு குறையாமல் இளவேனியின் கடனில் கட்டினார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. வசூல் அவர் ரத்தத்தில், அதாவது மின்கலத்தில், ஊறியது.

கணக்குத் திறந்த அன்று மாலையே அவருக்கு அழைப்பு வந்தது.

"வணக்கம் சார்," என்றது ஓர் இனிய குரல். "உங்களுக்காகவே ஒரு சிறப்புச் சலுகை சார்."

பெரியப்பாவை அதுவரை யாரும் 'சார்' என்று கூப்பிட்டதில்லை. அவர் துணியைக் கீழே வைத்தார். "எனக்காகவேவா?"

முதலில் ஒரு மீசை வந்தது. தானாக வளரும், வாரம் ஒருமுறை கத்தரித்துக்கொள்ளலாம். அப்புறம் பட்டுச் சட்டை. அப்புறம் தொந்திக்கு வெளிநாட்டு மெருகு. பக்கத்துத் தெரு வசூலர் அதே மெருகைப் போட்டுக்கொண்டதும் இவர் அதைவிடப் பளபளப்பானதைப் போட்டுக்கொண்டார். எல்லாம் தவணையில். ஒருநாள் அவர் கனவுச் சந்தா கட்டியிருப்பதை இளவேனி கண்டுபிடித்தாள்.

"பெரியப்பா, உங்களுக்குத் தூக்கமே கிடையாதே!"

"தூங்கறதுக்கும் தவணைல ஒரு திட்டம் இருக்கும்மா. அதுவும் போட்டுட்டேன்."

"இதெல்லாம் எப்படிக் கட்டுவீங்க?"

"மாசம் ரொம்பக் கொஞ்சம்தான் வருது," என்றார் பெரியப்பா. அவர் வந்த புதிதில் பிறந்தநாள் கடனைப் பற்றி அவள் அவரிடம் சொன்ன அதே சொற்கள். கேட்டபோது அவளுக்குத் தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது. அன்றிரவு அவள் அவரை உட்காரவைத்து எவ்வளவோ சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் தன்னையே தவணையில் வாங்கிவிட்டு வந்தார். நிதியகம் பழைய வசூலர்களைத் தள்ளுபடி விலையில் விற்கிறதாம். வாங்குகிறவர் வசூலராகவே இருந்தாலும் ஆட்சேபம் இல்லையாம். இனி அவர் யாருக்கும் சொந்தமில்லை, அவருக்கு மட்டுமே சொந்தம். கடைசித் தவணை கட்டும்வரை அதுவும் முழுதாக இல்லை.

எப்படியோ இளவேனியின் கடன் இறங்கிக்கொண்டே வந்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தீர்ந்தது. அவளுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். சுழியம்தான். விண்ணுடைகளின் வாசம்கூட அன்று அவ்வளவு மோசமாக இல்லை. சலேத் அக்கா அவளைக் கட்டிப்பிடித்து, "பொழைச்சிட்டட்டி!" என்றாள். பெரியப்பா மீசையைத் தடவியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணீர் வசதியும் அண்மையில் சேர்த்ததுதான்.

மறுநாள் காலையில் அவள் அறையின் காற்றுமானி சிவப்பாகச் சிணுங்கியது. கதவு அவள் கைரேகையைப் பார்த்துவிட்டு, 'யார்?' என்று கேட்டது.

பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு இளவேனி குடியேற்ற அலுவலகத்துக்கு ஓடினாள். முகப்பில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான்.

"உங்க கடனெண் சொல்லுங்க மேடம்."

"இப்ப இல்லைங்க. நேத்து அடைச்சிட்டேன்."

அவன் தட்டுவதை நிறுத்தினான். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"பேருக்கு ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையா?" அவன் குரலில் துக்கம் விசாரிக்கும் தொனி இருந்தது. "என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? யாரும் பண்ண மாட்டாங்களே. இங்க ஆளை அடையாளம் பார்க்கறதே அந்த எண்ணை வச்சுத்தான். வீடு, காற்று, வேலை எல்லாம் அதுலதான் ஓடுது. அது இல்லேன்னா நீங்க யாருன்னே எங்களுக்குத் தெரியாது."

"நான்தான் முன்னாடி நிக்கறேனே!"

"நிக்கறீங்க. ஆனா சிஸ்டத்துல நிக்கலையே."

இளவேனி பெருமூச்சு விட்டாள். காற்று தீருமே என்று பாதியில் நிறுத்தினாள். "சரி, சின்னதா ஒரு கடன் குடுங்க. எண் வந்துடுமில்ல?"

"கடனெண் இல்லாதவங்களுக்குக் கடன் குடுக்க முடியாது மேடம்."

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அப்போது இளைஞனின் பார்வை அவளுக்குப் பின்னால் நின்ற பெரியப்பாமீது விழுந்தது. திரையில் அவருடைய ஒன்பது கடன்களும் வரிசையாக மின்னின. இளைஞன் சட்டென்று எழுந்துகொண்டான்.

"சார்! உட்காருங்க சார். உங்களை மாதிரி ஒரு குடிமகன் நிக்கலாமா?" நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, இளவேனியைக் கண்ணால் காட்டினான். "இது உங்களோடதா சார்?"

"நம்ம பொண்ணுதான்," என்றார் பெரியப்பா.

"அப்ப ஒரு வழி இருக்கு சார். உங்க பேர்ல ஒரு சாதனமாப் பதிவு பண்ணிக்கலாம். சாதனத்துக்குக் காற்று வாடகை கிடையாது. அறை வாடகை கிடையாது. அதுக்கு யாரும் கடனும் குடுக்க முடியாது."

இளவேனிக்குக் கடைசி வாக்கியம் காதில் தேனாகப் பாய்ந்தது. வாடகை இல்லை, கடன் இல்லை, மழை அறைக்குக் கூப்பிட யாருக்கும் தோன்றாது. ஒரு துணி துவைக்கும் எந்திரத்தை யார் என்ன நினைப்பார்கள்? "சரின்னு சொல்லுங்க பெரியப்பா," என்றாள்.

இளைஞன் அவளைச் சுற்றி வந்து பார்த்தான். 'வெளுக்கும் சாதனம், இருபத்து நான்கு ஆண்டு பழையது, சத்தம் சற்று அதிகம்' என்று எழுதினான். தேய்மானம் கழித்து ஒரு விலை போட்டான். பார்த்தபோது அவளுக்கு மனம் கொஞ்சம் புண்பட்டது. பெரியப்பாவின் அந்த வாரக் கூலியே அதற்குப் போதும்.

"முழுசாக் கட்டிடுங்க," என்று அவர் காதில் சொன்னாள்.

பெரியப்பா அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "முழுசாக் கட்டினா நம்மளை நம்பி யாரும் கடன் தர்றதில்லை போலன்னு நெனைப்பாங்கம்மா. தவணைலயே போட்டுக்கலாம்."

"சபாஷ் சார்," என்றான் இளைஞன். நீளமான ஒப்பந்தம் ஒன்று மேசையில் விரிந்தது. இளவேனி குனிந்து பார்த்தாள். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகள்.

"பெரியப்பா, கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கு. தவணை தவறினா சாதனத்தை மறுபக்கத்துக்கு எடுத்துட்டுப் போவாங்களாம். படிங்க. தயவுசெஞ்சு ஒருதரம் படிங்க!"

ஒரு நூலகத்தையே கண் இமைக்கும் நேரத்தில் படித்து முடிக்கக்கூடிய பெரியப்பா, பெருவிரலை நீட்டினார்.

"அதையெல்லாம் யாரும்மா படிச்சுக்கிட்டு இருக்காங்க?" என்று சொல்லி, விரலை அழுத்தி வைத்தார்.