முறை போட்டது யார்?

மனித இனத்தைக் காத்து நிற்பது நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல. ஒருவர்மேல் ஒருவர் வைக்கும் நம்பிக்கையே. செவ்வாய்க் கோளின் புதுக்குடிக் குவிமாடத்தில், தன் அறிக்கையின் முதல் வரியாக இதை எழுதிவிட்டு முனைவர் அறவாழி எழுந்து போய், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு கட்டிலுக்கடியில் கையைவிட்டு வளிக்குடம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

புதுக்குடியில் வீட்டுக்குள் காற்று தானாக வராது. காலையில் தெருக்கோடிக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்து, உயிர்வளி பிடித்து, தூக்கிக்கொண்டு வந்து வீட்டுச் சுவரில் செருக வேண்டும். காற்றைத் தயாரிக்கும் வளி ஆலை ஒழுங்காக ஓடிய நாட்களில் அங்கே நடந்த சண்டை காதால் கேட்கத் தக்கதல்ல. யார் குடம் முந்தியது என்பதில் தொடங்கி, யாருடைய தாத்தா எந்த லஞ்சம் கொடுத்துக் கப்பலேறினார் என்பதில் முடியும்.

அறவாழி முதுமுனைவர் ஆய்வாளர். முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் நிரந்தர வேலை கிடைக்காதவர் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி அது. கூட்டு நெருக்கடி வந்தால் மக்களிடையே நம்பிக்கை கூடுமா, குறையுமா என்பது அவர் தலைப்பு. பூமியிலிருக்கும் ஆய்வுக்குழு நீட்டிப்புத் தந்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் திரும்பிப் போய், அத்தானின் டியூஷன் சென்டரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நெருக்கடி வரவில்லை. வந்து சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பொறுமையிழந்து, குவிமாடத்தில் ஓட்டை விழுந்துவிட்டதாகப் பொய்ச் சங்கு ஊதிப் பார்த்தார். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது. புதுக்குடி மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

பிறகு ஒருநாள் நிஜமாகவே வளி ஆலையில் பாதி நின்றுபோனது. உதிரிப்பாகம் பூமியிலிருந்து வர மாதங்கள் ஆகும். அதுவரை எல்லோருக்கும் பாதிக் காற்றுதான். அறவாழி உள்ளுக்குள் பூரித்து, முகத்தில் கவலையை மாட்டிக்கொண்டு, நம்பிக்கைமானியோடு குழாயடிக்கு ஓடினார். முகத்துக்கு நேரே நீட்டினால், நாடியையும் கண்பாவையையும் பார்த்து, அந்த ஆள் பக்கத்தில் நிற்பவரை எவ்வளவு நம்புகிறார் என்று எண்ணாகச் சொல்லும் கருவி அது.

குழாயடியில் ஈ காக்கை இல்லை. குழாய் பூட்டியிருந்தது. தெருவாசிகள் எல்லோரும் வந்து, ஆளுக்கு அரைக்குடம் பிடித்து, ஒரு வார்த்தை தடிக்காமல் போயிருந்தார்கள்.

யார் சொல்லி வந்தார்கள்? புதுக்குடியில் எல்லோர் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு செவிமணி பதித்திருக்கும். ஊர்ச் செய்தி அதன் வழியாக நேரே மண்டைக்குள் வந்துவிடும். அந்த ஏற்பாட்டுக்குப் பொதுச்செவி என்று பெயர். அறவாழி அதை அலசினார். ரோஜாப்பூவோடு காலை வணக்கம், சூரியகாந்தியோடு காலை வணக்கம், யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. காற்றைப் பற்றி ஓர் எழுத்து இல்லை.

அவருக்கு உறுத்தியது. அந்த நேரம் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுச் செங்கமலம், பாசித்தொட்டியில் வேலை பார்ப்பவள், இடுப்பில் வளிக்குடத்தோடு நின்றாள்.

"புடிங்க சார். இன்னைக்கு என் முறை."

"என்ன முறை?"

"உங்களுக்குக் காத்து கொண்டாந்து குடுக்குற முறை."

"முறை போட்டது யாரு?"

செங்கமலம் அவர் தோளுக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள். "அதுவா வருது சார்."

"அதுவா எப்படிம்மா வரும்?"

"வருதே. அந்த மிஷினை மூஞ்சிக்கு நேரா நீட்டாதீங்க சார், கூசுது."

மறுநாள் எதிர்வீட்டுப் பீர் முகமது கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் வேறொருவர். கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல, அதுவாக வருகிறது என்றார்கள். நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னால் சாதாரண ஆள் சந்தேகப்படுவான். அறவாழியும் சில நாள் சந்தேகப்பட்டார். பிறகு கப்பல் வரும் நாள் நெருங்கியது. அதோடு சந்தேகம் கோட்பாடாகிவிட்டது. நெருக்கடி முற்றினால் மனிதர்களுக்குப் பேச்சே தேவைப்படாது. நம்பிக்கை தானே ஊறி, தானே வரிசை போடும். இதற்கு 'தன்னெழு ஒழுங்கு' என்று பெயர் வைத்தார்.

ஆய்வுக்குழு பூமியிலிருந்து பார்ப்பதற்காக, மன்றத்தில் படமெடுக்கும் கருவி வைத்து உரைக்கு ஏற்பாடானது. வார்டு தலைவர் ஜெபமணி வரவேற்றார்: "கப்பல் படியில நின்னுக்கிட்டே, 'இங்க யார் யாரை நம்புறதில்ல'ன்னு முதல் கேள்வி கேட்டவர் நம்ம சார். அன்னையிலேருந்து எங்களை விடாம கவனிச்சுக்கிட்டு வர்றார்." கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது.

அறவாழி கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லின்றி, ஆணையின்றி, இம்மக்கள்..." என்று உருகிக்கொண்டிருந்தபோது அவர் செவிமணி அதிர்ந்தது. பொதுச்செவியில் ஜெபமணியின் செய்தி:

'இந்தாளு இப்போதைக்கு முடிக்க மாட்டான். நாளையிலேருந்து மேலத்தெருவுக்குக் காலையில காத்து, கீழத்தெருவுக்குச் சாயங்காலம். அந்தாளுக்குக் குடம் தூக்குறது இனிமே மேலத்தெரு. அந்தாளு காதுல விழாம பாத்துக்குங்க.'

மன்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தலைகுனிந்தார்கள். ஜெபமணி காதைத் தேய் தேய் என்று தேய்த்தார். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று வந்தது.

அறவாழி படமெடுக்கும் கருவியைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஆய்வுக்குழு, அதற்கும் பின்னால் எட்டாம் வகுப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டார். "...சொல்லின்றி, ஆணையின்றி," என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

உரை முடிந்ததும் செங்கமலத்தை வாசலில் மடக்கினார்.

"என்னை மட்டும் விட்டுட்டுத் தனிச் செவி வச்சிருக்கீங்களா?"

"அது உலக வழக்கம்தானே சார். பூமியில அடுக்குமாடி வீட்டுல இருந்த காலத்துலேயே, ஆகாத ஆளை விட்டுட்டுத் தனி குரூப்பு ஆரம்பிப்பாங்களாம்."

"என்மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே?"

"சுத்தமா இல்ல சார்."

"அப்புறம் எதுக்குக் காத்து கொண்டாந்து குடுத்தீங்க?"

"நம்பலைங்குறதுக்காக ஒரு ஆளை மூச்சு விடாதேன்னா சொல்ல முடியும்?"

ஆய்வு முழுவதிலும் அவருக்குக் கிடைத்த உருப்படியான வரி அதுதான். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"என்னையும் அதுல சேர்த்துடும்மா."

"சேர்த்தா எல்லாரும் எழுந்து வேற செவிக்குப் போயிருவாங்க. மறுபடியும் முதல்லேருந்து முறை போடணும். காத்து இருக்குற இருப்புல அது தாங்காது சார்."

"அந்தச் செவிக்கு என்ன பேரு?"

அவள் தயங்கினாள். "நெருக்கடி."

அவருக்குச் சட்டென்று தெம்பு வந்தது. கோட்பாடு முழுசாகக் கவிழ்ந்துவிடவில்லை. ஆலை நின்றது, நெருக்கடி வந்தது, ஜனங்கள் ஒன்றுசேர்ந்தார்கள். வரிசை நேராகத்தான் இருக்கிறது. "ஆலை நின்ன அன்னைக்கே ஆரம்பிச்சுட்டீங்க, இல்ல?"

"அதுக்கு ரொம்ப முன்னாடி சார்," என்று சொல்லிவிட்டுச் செங்கமலம் நடந்தாள்.

நீட்டிப்பு கிடைத்தது. அறிக்கையில் அவர் ஒரு வரியையும் மாற்றவில்லை. 'நெருக்கடி' என்ற அந்தச் செவி, முனைவர் அறவாழி கப்பலிலிருந்து இறங்கிய அன்று மாலை தொடங்கப்பட்டது.