ஒரு படம் அதிகம்

"ஏனுங்க, பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குப் படம் புடிச்சது இந்தக் கடையிலதானுங்களே?"

வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். தலைமுடியில் மில் பஞ்சு வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. செருப்பைப் படிக்குக் கீழேயே கழற்றி விட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ராமாமணி திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க்கா. உள்ள வாங்க. உக்காருங்க."

அந்தப் பெண் உள்ளே வந்தார். ஆனால் உட்காரவில்லை.

"என் பேரு மாரியாத்தாளுங்க. என்ற பையன் மனோஜ்குமாரு. எட்டாவது. அவன் படம் ஒண்ணு வேணுமுங்க."

மூலையில் கல்யாணப் பத்திரிகைகளை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்த வர்ஷினியின் கை நின்றது.

வர்ஷினி, ராமாமணியின் மகள். சனிக்கிழமை பள்ளி அரை நாள்தான். வீடு பூட்டியிருக்கும் என்பதால் மதியம் அம்மா வேலை செய்யும் கடைக்கு வந்துவிடுவாள். மனோஜ்குமார் அவள் வகுப்பில்தான் படித்தான். போன மாதம் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். பிறகு வகுப்புக்குத் திரும்பி வரவே இல்லை.

"ஊட்டுல அவன் படம் ஒண்ணுகூட இல்லீங்க. பழனியில மொட்டை போட்டப்ப எடுத்தது ஒண்ணு இருந்துச்சு. மழைத்தண்ணி பட்டு அதுவும் மூஞ்சி அழிஞ்சுபோச்சு" என்றார் மாரியாத்தாள்.

ராமாமணி கம்ப்யூட்டரில் தேடினார். அது ஒரு மேக் கம்ப்யூட்டர். பீளமேட்டில் அந்தத் தெருவிலேயே இந்த நாசர் கடையில் மட்டும்தான் மேக் இருந்தது. அதைத் தொடும் முன் எல்லோரும் கையைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்பது நாசரின் கட்டளை.

ராமாமணி 'மனோஜ்குமார்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பேருல படம் இல்லீங்க்கா. அன்னிக்குப் பையன் பள்ளிக்கூடம் வரலையோ என்னமோ."

"வந்தானுங்களே! சொம்புல நெருப்புப் போட்டு நாந்தானுங்க சட்டையத் தேச்சுக் குடுத்தேன். போட்டோ புடிக்கறாங்கம்மான்னு எண்ணெய் கேட்டு வாங்கித் தலைக்கு வெச்சுட்டுப் போனானுங்க."

பின்னறையிலிருந்து கடைக்காரர் அப்துல் நாசர் வந்தார்.

"ஃபிலிமா இருந்தா தேடிப் பாத்துடலாமுங்க்கா. இது ஃபிளாப்பியில படம் விழற புதுக் கேமரா. படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாத்துனதும் ஃபிளாப்பியை அழிச்சுட்டு அடுத்த வேலைக்கு எடுத்துக்குவோம். கம்ப்யூட்டர்ல இல்லைன்னா..."

அவர் முடிக்கவில்லை. மாரியாத்தாளுக்குப் புரிந்துவிட்டது.

"செரிங்க. சாப்பாட்டு நேரத்துல வந்தேன். மில்லுல சங்கு ஊதிருவாங்க. அஞ்சு மணிக்கு வேலை முடிஞ்சு போறப்ப ஒருக்கா எட்டிப் பாக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

"இல்லைன்னு சொன்ன பொறகும் வாரேன்னு போறாங்க பாருங்க" என்று நாசர் மெதுவாகச் சொன்னார்.

வர்ஷினி தன் பள்ளிப் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டை எடுத்தாள். அந்த அம்மா போகட்டும் என்றுதான் இவ்வளவு நேரம் காத்திருந்தாள்.

"ஜெரோம் சார் குடுத்துவிட்டாருங்க மாமா. அட்டையெல்லாம் தப்பா இருக்குதாம்."

அது மாணவர்களின் அடையாள அட்டைக் கட்டு. படம், பெயர், வகுப்பு எல்லாம் போட்டு நாசர் கடையில்தான் செய்தார்கள். அன்று காலை வகுப்பாசிரியர் ஜெரோம் சார் அட்டைகளை எட்டாம் வகுப்புப் பெண்களிடமிருந்து கொடுக்க ஆரம்பித்தார். முதல் அட்டை சாமியாத்தாளுக்கு. அதில் இருந்த முகமோ பாலுசாமியுடையது.

"ஏய், சாமியாத்தாளுக்கு மீசை மொளைக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

"டேய் பாலு, நாளையிலிருந்து நீ பாவாடை கட்டிட்டு வாடா!"

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அடுத்தடுத்த அட்டைகளும் அப்படியே இருந்தன. வர்ஷினியின் அட்டையில் லோகப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள். சார் எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக் கட்டி, வர்ஷினியிடம் கொடுத்துவிட்டார். பையன்களின் அட்டைகளை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

நாசர் நான்கைந்து அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாம் அந்த சாஃப்ட்வேர் பண்ணுன வேலை. கம்ப்யூட்டர் மாசப் பத்திரிகையோட ஓசியா வந்த சீடியில இருந்துச்சு. ஓசிக்கு இதுதான்."

கேமரா எடுக்கும் படங்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். பள்ளியில் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்திருந்தார்கள். ஜெரோம் சார் அதே வரிசையில் பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அந்தப் பட்டியலைக் கொடுத்தால், மென்பொருள் முதல் படத்துக்கு முதல் பெயர், இரண்டாம் படத்துக்கு இரண்டாம் பெயர் என்று ஒரே மூச்சில் வைத்துவிடும். பெயரைப் பார்த்து அட்டையில் படமும் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். ஒவ்வொன்றாக யாரும் பார்க்க வேண்டியதில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

"அது அன்னிக்கே கேட்டுதுங்களேண்ணா" என்றார் ராமாமணி. "படம் நூத்தி இருபத்தேழு, பேரு நூத்தி இருபத்தாறு, ஒரு படம் அதிகம்னு காட்டுச்சு. நீங்கதான், எவனோ கண்ணை மூடிட்டான்னு ரெண்டு தடவை எடுத்திருப்பேன், கடைசி ஒண்ணைத் தூக்கிப் போடுங்கன்னீங்க."

"சொன்னேன், சொன்னேன். இப்ப எந்தப் படம் யாருதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? திங்கக்கிழமை போயி எல்லாத்தையும் மறுபடி எடுத்துடறேன். பழைய படங்களை மொத்தமா அழிச்சுடுங்க. டிஸ்க்ல இடமும் இல்ல."

"இந்தப் பத்திரிகையை முடிச்சுட்டு அழிச்சுடறேங்க" என்றார் ராமாமணி.

வர்ஷினி அட்டைக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினாள்.

அவள் பள்ளியில் அதிகம் பேச மாட்டாள். ஆனால் குழாயடியிலும் மதியச் சாப்பாட்டு வரிசையிலும் நின்றபடி எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பாதிப் பேருக்குத் தெரியாது. அவளுக்கு எல்லோருடைய பெயரும் தெரியும்.

ஆறாம் வகுப்பு அட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. ஏழாம் வகுப்பும் சரி. அப்படியானால் கோளாறு எட்டாம் வகுப்பில்தான் தொடங்குகிறது.

தன் அட்டையை எடுத்தாள். அதில் லோகப்பிரியாவின் முகம். லோகப்பிரியாவின் அட்டையைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் இளவேனில். இளவேனிலின் அட்டையில் அவளுக்கு முந்தைய பெண். ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவர் வீட்டில் போய் நிற்பது போல் இருந்தது.

வர்ஷினி பின்னாலிருந்து முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். சாமியாத்தாளின் அட்டையில் பாலுசாமி. பாலுசாமியின் அட்டையில் திருமூர்த்தி. அட்டைகள் தரையில் நீளமாக, மேசைக்கு அடியில் போய்த் திரும்பி வந்தன.

கடைசியாக நிதீஷின் அட்டைக்கு வந்தாள்.

அதில் எண்ணெய் வைத்துப் படியச் சீவிய தலை. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்தும் ஒரு பக்கம் நிமிர்ந்தும் இருந்தது.

மனோஜ்குமார்.

வர்ஷினி அந்த அட்டையைக் கையிலேயே வைத்திருந்தாள். அடுத்து மனோஜ்குமாரின் அட்டையைத் தேட வேண்டும். அப்படி ஓர் அட்டை இல்லை. நிதீஷுக்கு முந்தைய பன்னிரண்டு அட்டைகளும் சரியாகவே இருந்தன.

அவளுக்கு வகுப்பில் வருகை எடுப்பது நினைவுக்கு வந்தது. ஜெரோம் சார் எண்களைத்தான் கூப்பிடுவார். "பதினொன்று." "உள்ளேன் சார்." "பன்னிரண்டு." "உள்ளேன் சார்." அதற்குப் பிறகு சார் ஒரு நொடி நிறுத்துவார். பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு போட்ட ஒரு வரி அங்கே இருந்தது. வகுப்பும் அந்த ஒரு நொடி அசையாமல் இருக்கும். பிறகுதான் "பதினான்கு" என்பார். நிதீஷ் எழுந்து நிற்பான்.

பதிமூன்றை சார் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் மனோஜ் போன பிறகு பட்டியலைத் தட்டச்சு செய்தபோது சிவப்புக் கோடு போட்ட பெயரை மட்டும் அவரால் அடிக்க முடியவில்லை போலிருக்கிறது.

பெயரைத்தான் எடுத்திருந்தார்கள். ஜூலையில் எடுத்த படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"அழிச்சுடட்டுங்களாண்ணா?" என்று கேட்டார் ராமாமணி. பத்திரிகை வேலை முடிந்திருந்தது. படங்கள் இருந்த ஃபோல்டரை மவுஸால் பிடித்துத் திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

"அழிங்க" என்றார் நாசர்.

வர்ஷினி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள்.

"அழிக்காதீங்க!"

அவளே எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக வந்துவிட்டது. ராமாமணியின் கை மவுஸிலிருந்து எழும்பிவிட்டது.

"அட, இந்தப் புள்ளைக்கு இவ்வளவு சத்தம் இருக்குதா?" என்றார் நாசர்.

வர்ஷினி எழுந்துபோய் அட்டையை நீட்டினாள். "இதுல நிதீஷ்னு போட்டிருக்குதுங்க மாமா. ஆனா இது நிதீஷ் இல்லீங்க. இதுதானுங்க மனோஜ்."

நாசர் அட்டையை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், மறுபடி இறக்கினார்.

"அந்த அக்கா பையனா?"

வர்ஷினி தலையாட்டினாள். தரையில் இருந்த வரிசையைக் காட்டி, எங்கே ஒருவர் நகர்ந்தார், எப்படி எல்லோரும் நகர்ந்தார்கள் என்று சொன்னாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதை அம்மாவே கேட்டதில்லை.

"அப்படின்னா சாஃப்ட்வேர் மேல தப்பில்ல" என்றார் நாசர். "ஒரு படம் அதிகம்னு அது சொன்னது நெசம். ரெண்டு தடவை யாரையும் எடுக்கல. செரி, கடைசியா நான் தூக்கிப் போடச் சொன்னது யாரு?"

"பதிவேட்டுல கடைசிப் பேரு என்னுதுங்க மாமா."

திரையில் குப்பைத்தொட்டிப் படம் வயிறு புடைத்து நின்றது. உள்ளே ஏதாவது இருந்தால் அது அப்படித்தான் நிற்கும். ராமாமணி அதைத் திறந்தார். எண் மட்டும் போட்ட ஒரே ஒரு படம். அதைப் பெரிதாக்கினார். திரையிலிருந்து இரட்டைச் சடையோடு வர்ஷினி பார்த்தாள்.

"எண்ணை மட்டும் பாத்துட்டு, என்ற கையாலயே உன்னையக் குப்பையில போட்டிருக்கறனே சாமி!"

ராமாமணி அந்தப் படத்தை எடுத்து மற்ற படங்களின் கடைசியில் வைத்தார்.

"இனிச் சுலபம்" என்றார் நாசர். "மனோஜ் படத்தை மட்டும் தனியா எடுத்து வெச்சுட்டு, மீதிக்கு மறுபடி பேரு வெச்சுட்டா வரிசை நேராயிரும்."

வர்ஷினி தயங்கினாள். பிறகு, "படத்தை எடுக்க வேண்டாங்க மாமா. பேரைச் சேத்துக்கலாங்களா? அப்பவும் வரிசை நேராயிருமுங்க" என்றாள்.

நாசர் அவளைப் பார்த்தார். ராமாமணி நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீயே அடி, கண்ணு."

வர்ஷினி இரண்டு கைகளையும் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டாம் பெயருக்கும் நிதீஷுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டாள். ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, மனோஜ்குமார் என்று அடித்தாள்.

படம் நூற்று இருபத்தேழு. பெயர் நூற்று இருபத்தேழு. இந்தத் தடவை மென்பொருள் ஒன்றுமே கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மில் சங்கு ஊதியது. சொன்னபடியே மாரியாத்தாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"வாங்க்கா" என்று ராமாமணி அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிரிண்டர் முன்னால் உட்கார வைத்தார். நாசர் அவரே பொத்தானை அழுத்தினார்.

பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டது. தாள் ஒரு விரல் அகலம் வந்து நின்றது. பிறகு இன்னொரு விரல் அகலம். முதலில் படியச் சீவிய தலை வந்தது. நெற்றி வந்தது. பிறகு கண்கள்.

மாரியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். படம் முழுதாக வெளியே வரும்வரை அவர் கண் இமைக்கவில்லை.

"மை இன்னும் காயலீங்க்கா. தொட்டுடாதீங்க" என்று சொல்லி, நாசர் படத்தை அவர் மடியில் ஒரு பலகை மேல் வைத்தார். "காலரு ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. நான்தான் கவனிக்கல. கம்ப்யூட்டர்ல அதை மடிச்ச மாதிரி சரி பண்ணிரலாமுங்க. அஞ்சு நிமிசம்."

"வேண்டாமுங்க" என்றார் மாரியாத்தாள். "தேச்சுக் குடுத்தாலும் காலர மடிக்காமத்தானுங்க ஓடுவான். தெனமும் வாசல்ல வெச்சுப் புடிச்சு நாந்தான் மடிச்சு உடுவேன். அன்னிக்குக் கைக்குச் சிக்காமப் போயிட்டான் போல."

அவர் வர்ஷினியை நிமிர்ந்து பார்த்தார். "நீயும் எட்டாவதா கண்ணு?"

"ஆமாங்க. மனோஜ் பதிமூணுங்க. நான் கடைசி."

மாரியாத்தாள் தலையை அசைத்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, ஈர மையைத் தொடாமல், காலருக்கு மேலே காற்றிலேயே அதை ஒருமுறை மடித்துவிட்டார்.