காலி வண்டியின் கனம்

காலி வண்டி பின்பக்கம் இப்படித் தாழ்ந்து நிற்காது. ராணுவம் கழித்துவிட்டு ஏலத்தில் தள்ளிய லாரி அது. வில்லாக வளைந்து நிற்க வேண்டிய அதன் ஸ்பிரிங் பட்டைகள், ஆள் ஏற்றியது போலத் தட்டையாகிக் கிடந்தன. நாலு பட்டை கூடுதலாக உருவிவிட்டேனோ என்று மெக்கானிக் தன்னையே திட்டிக்கொண்டான்.

வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று. இனி அவனுக்கும் மனைவிக்கும் இந்த லாரிதான் வீடு. அவளுக்கு முதுகுவலி என்பதால் குலுங்காமல் ஓடத்தான் பட்டைகளை உருவினான். கட்டில் போட இடம் வேண்டி, பின்தொட்டியில் சிப்பாய்கள் உட்காரும் இரும்பு பெஞ்சுகளையும் மத்தியானம் அறுத்து ஒர்க்ஷாப் சுவரோரம் சாத்திவிட்டான். அப்போதிருந்தே தொட்டிக்குள் நனைந்த கம்பளியும் பூட்ஸ் பாலிஷும் கலந்த வாடை. தின்னர் ஊற்றிக் கழுவியும் போகவில்லை.

அந்தியில் மழை பிடித்தது. அவள் செருப்பை ஏணியடியில் விட்டுவிட்டு, ஜன்னல் திரைக்கு அளவெடுக்க மேலே ஏறினாள். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவனின் முகத்துக்கு மேல் பட்டைகள் மெல்ல ஒரு விரற்கடை இறங்கின.

"அம்மாடி! நீ ஏறினா வண்டியே கும்பிடுதே!"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வேலையைப் பாருங்க."

சிரித்துக்கொண்டே, சாரல் அடிக்காமல் பின்வாசல் தார்ப்பாயை உள்ளிருந்து இழுத்துக் கட்டினாள். அந்தச் சிரிப்பு கேட்டதில் அவனுக்கு நெஞ்சு லேசானது.

தகரக் கூரையில் மழை இரைந்தது. அந்த இரைச்சலுக்குள் இரும்புத் தரையில் கனமாக ஒரு மிதி. பட்டைகள் இறங்கின. இன்னொரு மிதி. மறுபடி இறங்கின.

"ஏங்க, நீங்க எதுக்கு ஏறுறீங்க? நிக்கவே இடமில்ல."

"நான் கீழதான் இருக்கேன்."

அவள் குரலைத் தாழ்த்தி, "அப்ப என்னை நெருக்குறது யாரு?"

"இறங்கு! உடனே இறங்குடி!"

அவன் புரண்டு வெளியே வரப் பார்த்தான். முடியவில்லை. வண்டியின் இரும்புச் சட்டம் அவன் மார்பின் மேல் வந்து அழுந்தியிருந்தது. மூச்சு முட்டியது. வாடை மூக்கை அடைத்தது. மேலே உட்கார இடமில்லாத கால்கள், நெருக்கியடித்துக்கொண்டு, தரையைத் தேய்த்தன.

பிறகு எல்லாம் ஓய்ந்தது.

தொப். ஏணிப்பக்கம், சிமெண்ட் தரையில் யாரோ குதித்த சத்தம். பட்டைகள் எழும்பின. அங்கே கால் எதுவும் தெரியவில்லை. தொப். இன்னும் எழும்பின. தொப். தொப். மார்பில் இருந்த பாரம் விலகியது. பட்டைகள் வளையத் தொடங்கின.

கடைசி மிதியும் இறங்கிவிட்டது. அவன் பட்டைகளையே பார்த்தான். அவளுடைய கனம் மட்டும் இன்னும் மேலே இருந்தது. ஒரு விரற்கடை. அது அப்படியே இருக்கட்டும். ஐயோ, அப்படியே இருக்கட்டும்.

பின்வாசல் தார்ப்பாயின் கீழ்விளிம்பு அசையவில்லை. ஏணியடியில் அவள் செருப்புகள் விட்டது விட்டபடி இருந்தன.

பட்டைகள் மெல்ல, அந்த ஒரு விரற்கடையும் எழும்பின.