உள்ளே ஆள் இருந்தால் ஒரு தட்டு

பழைய ராணுவ வண்டிகளுக்கு மறுபிறவி கொடுப்பதுதான் எங்கள் பட்டறையின் வேலை. அன்று காலை வந்திறங்கியது ஒரு ஆம்புலன்ஸ் டிரெய்லர். நாலு பக்கமும் தகரம், பின்னால் ஒரே கதவு, ஜன்னல் என்ற பேச்சே இல்லை. அதை நடமாடும் வீடாக மாற்றித் தரச் சொல்லியிருந்தார்கள்.

என் தங்கை புருஷனுக்கு ஒரே குஷி. "இத முடிச்சுட்டு நாமளே ஊர் சுத்தக் கிளம்பிடலாமா மச்சான்?" என்றான். அவன் பட்டறையில் இருந்தால் வாய்க்கு ஓய்வே கிடையாது.

துருப்பிடித்த தகரத்தில் ஓட்டை தேட ஒரு வழி உண்டு. ஒருவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கும்மிருட்டில் ஊசிமுனை வெளிச்சம் தெரியும் இடத்தில் கம்பியை வெளியே நீட்டுவார். வெளியே நான் சாக்பீஸால் வட்டம் போடுவேன். வெல்டிங் வைக்கும் முன் சுத்தியலால் இரண்டு தட்டு. உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு வரும். வந்தால் வேலையை நிறுத்த வேண்டும். உள்ளே புகை கட்டினால் ஆள் காலி.

அன்று மாப்பிள்ளை உள்ளே போய்க் காட்ட, வட்டங்களைப் போட்டு முடித்தேன். முதல் வட்டத்தில் தட்டினேன். பதில் வந்தது. அவன் வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன்.

அவன் என் முதுகுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

கதவைத் திறந்தோம். யாரும் இல்லை. பழைய மருந்து நெடி, ஈரக் கம்பளி நாற்றம், அவ்வளவுதான்.

"வெயில்ல இரும்பு விரியுது மச்சான். பயப்படாதீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த இரண்டு வட்டங்களிலும் அதே கதை. தட்டினால் பதில், திறந்தால் வெறும் இருட்டு. மூன்றையும் அடைக்காமல் விட்டேன்.

நாலாவது வட்டத்தில் தட்டினேன்.

பதில் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. கதவைத் திறந்து பார்க்கவும் தோன்றவில்லை. முகமூடியை இறக்கி, ஓட்டையை அடைத்து நிமிர்ந்தபோதுதான் பட்டறை அமைதியாகக் கிடப்பது உறைத்தது.

"மாப்ள?"

கதவிடுக்கில் புகை கசிந்தது.

இழுத்து வெளியே போட்டபோது மூச்சு இருக்கிறதா என்றே தெரியவில்லை. தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன் என்று வாய்விட்டு அழுதேன். தண்ணீர் அடித்து, முதுகில் ஓங்கித் தட்டியதும் இருமினான்.

"உள்ள இருந்தா தட்ட வேண்டியதுதானே மாப்ள?"

"மிச்ச ஓட்டையப் பாக்கலாம்னு போனேன்." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "தெரிஞ்ச வெளிச்சமெல்லாம் ஒண்ணொண்ணா மூடிச்சு. நீங்க தட்டினது கேட்டுது மச்சான். தட்ட விடல. கையப் பிடிச்சுக்கிட்டாங்க. வாயையும்."

இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடங்கள் கன்றிப்போயிருந்தன. கன்னத்திலும்தான். அளவைப் பார்த்தால் அவை ஒரே ஆளின் தடங்கள் அல்ல.

உரியவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கி, டிரெய்லரை என் கையாலேயே துண்டு துண்டாக வெட்டினேன். உலையில் கடைசித் துண்டு உருகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு வாரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அவர் கையில இருந்த தடம் மறைஞ்சிடுச்சு."

"நல்லதாப் போச்சும்மா."

"இல்லண்ணா. தினமும் தூங்கி எழுந்திரிச்சா கொஞ்சம் மேல ஏறியிருக்கு."

அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"இன்னிக்குக் கழுத்துல."