பதினொரு தட்டும் ஒரு பூட்டும்

சுவர் ஏறிக் குதித்தாவது வெளியே போவேன் என்று ராஜாமணி அம்மா அறிவித்தபோது அவருக்கு வயது எழுபத்தெட்டு. இடது முழங்காலில் பட்டை வேறு கட்டியிருந்தார்.

"ஏணி இருக்கா பாய்?" என்று வாட்ச்மேனிடமே கேட்டார்.

வாட்ச்மேன் சைபுல்லா கேட்டின் பூட்டைப் பிடித்துக்கொண்டு பரிதாபமாக நின்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மகள் நிலோஃபருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

நிலோஃபர் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கடலூரிலிருந்து திருவந்திபுரம் போகும் சாலையில் இருக்கும் அந்த முதியோர் குடியிருப்பின் கேட்டை ஒட்டித்தான் அவள் வீடு. உள்ளே பதினொரு பேர் இருந்தார்கள். காலையில் நடை, பிறகு பேப்பருக்குச் சண்டை, மத்தியானம் கேரம், கேரத்திலும் சண்டை, சாயங்காலம் எதிரே இருக்கும் கடையில் டீ. இதுதான் அவர்கள் நாள். ராஜாமணி அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். அவர் ரகசியம் பேசினாலே அடுத்த கட்டடத்துக்குக் கேட்கும்.

இத்தனை நாளும் கேட் திறந்தே கிடந்தது. போன வாரம் கோவிந்தசாமி தாத்தா தனியாக டீ குடிக்கப் போய், சாலையோரம் கால் தடுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் துபாயில் இருக்கும் அவர் மகன் போனில் மானேஜர் அறிவழகனைப் பிடித்து அரை மணி நேரம் கத்தினான். மறுநாளே கேட்டில் பூட்டும் ஓர் அறிவிப்பும் தொங்கின.

'இல்லத்தில் தங்கியிருக்கும் எவரும் பொறுப்பாளரின் கையெழுத்து இன்றி வெளியே செல்லக் கூடாது.'

"பொறுப்பாளர்னா யாரு?" என்று கேட்டார் ராஜாமணி அம்மா.

"உங்க பிள்ளைங்கம்மா. நேர்ல வந்து கையெழுத்து போடணும்" என்றார் அறிவழகன்.

"எனக்குப் புள்ள இல்ல. எனக்கு நான்தான் பொறுப்பு."

"அப்படியெல்லாம் முடியாதும்மா."

மற்றவர்களின் பிள்ளைகளோ துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். ஒரு கையெழுத்துக்காக யார் விமானம் ஏறி வருவார்கள்?

டீயோடு போயிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஜான்சி அக்காவுக்குக் கல்யாணம்.

தினமும் காலையில் எல்லாருக்கும் பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்து, "ஏன் நேத்து ராத்திரி லட்டு சாப்ட்டீங்க?" என்று மிரட்டுகிறவள் ஜான்சி அக்கா. அவளுக்கு அப்பா அம்மா கிடையாது. சிதம்பரத்தில் ஒரு விடுதியில் வளர்ந்தவள். மாப்பிள்ளை இளவரசு கீரப்பாளையத்தில் பைக் மெக்கானிக். திருவந்திபுரத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம்.

பதினைந்து நாளைக்கு முன்னால் ஜான்சி அக்கா கூடத்துக்கு வந்து, துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"பொண்ணு வீட்லேர்ந்து சீர்த்தட்டு எடுத்துட்டு வரணுமாம். எனக்கு யார் இருக்காங்க? நீங்க வரீங்களா?"

கேட்டுவிட்டு அழுதுவிட்டாள். ராஜாமணி அம்மாவுக்கும் அழுகை வந்தது. அதை மறைக்க அவர் அதட்டினார்.

"எதுக்குடி அழுவுற? தட்டு ஒத்தப்படையில இருக்கணும். நாங்க பதினோரு பேர். பதினோரு தட்டு. முடிஞ்சி போச்சி!"

அப்படி வாக்குக் கொடுத்தவர்கள்தான் இப்போது பூட்டுக்கு உள்ளே நிற்கிறார்கள். இன்றைக்குச் சனிக்கிழமை. விடிந்தால் கல்யாணம்.

ராஜாமணி அம்மா காலையில் உண்ணாவிரதமும் இருந்து பார்த்தார். பதினொரு மணிக்குச் சமையலறையிலிருந்து மெதுவடை வாசனை வந்ததும் உண்ணாவிரதம் முடிந்துபோனது. அதற்குப் பிறகுதான் ஏணி கேட்டார்.

"அத்தா, நீங்க தொறந்து விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினாள் நிலோஃபர்.

"எனக்கு மட்டும் ஆசை இல்லியா கண்ணு? தொறந்தா வேலை போயிடும். கையெழுத்து போட்ட ஃபாரம் கையில இருந்தா, நானே கேட்ட ஜோரா தொறந்து விடுவேன்" என்றார் சைபுல்லா.

நிலோஃபர் மானேஜர் கேட்டருகே வைத்திருந்த படிவங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். எழுத்துக் கூட்டி, மேலிருந்து கீழே வரை படித்தாள். பெயர். வயது. வெளியே செல்லும் காரணம். பொறுப்பாளர் பெயர். உறவு. கையெழுத்து. கீழே பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன.

'பொறுப்பாளர் பதினெட்டு வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே பொறுப்பேற்கலாம்.'

அவ்வளவுதான். மகன் என்றோ மகள் என்றோ எங்கேயும் இல்லை.

நிலோஃபருக்குப் பள்ளியில் பிச்சாவரம் சுற்றுலா போனது நினைவுக்கு வந்தது. படகில் ஏறும் முன் டீச்சர் எல்லாரையும் ஜோடி ஜோடியாக நிற்க வைத்தார். "உன் ஜோடிக்கு நீதான் பொறுப்பு" என்றார். படகு ஆடியபோது நிலோஃபர் சத்யப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், சத்யப்பிரியா இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரும் தண்ணீரில் விழவில்லை.

அவள் எழுந்து ஒரே ஓட்டமாகக் கூடத்துக்கு ஓடினாள்.

"ராஜாமணிம்மா! உங்களுக்குப் பதினெட்டு வயசு ஆயிடுச்சா?"

"நாலு தபா ஆயிடுச்சி. அதுக்கு மேல ஆறு வருஷம் ஜாஸ்தியாவே இருக்கு. ஏன் கேக்குற?"

நிலோஃபர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "கோவிந்தசாமி தாத்தாவுக்கு நீங்க கையெழுத்து போடுங்க. உங்களுக்கு அவுரு போடட்டும்!"

பதினொரு பேரும் ஒரே நேரத்தில் பேனா தேடினார்கள்.

ராஜாமணி அம்மா நடுவில் நின்று எல்லாரையும் இழுத்து இழுத்து ஜோடி சேர்த்தார். "நீங்க அவரோட. நீ இவளோட. கோவிந்தசாமி, நீங்க இவரோட." ஐந்து ஜோடி ஆனது. மிஞ்சியது ஒரே ஒருவர். ஜோடி சேர்த்த ராஜாமணி அம்மாவேதான்.

"நான் உங்களுக்கும் சேத்துப் போடறேன்" என்றார் கோவிந்தசாமி தாத்தா.

"ஒருத்தர் ஒருத்தருக்குத்தான் தாத்தா. அப்படித்தான் போட்டிருக்கு" என்றாள் நிலோஃபர்.

"பரவால்ல. நீங்க போயிட்டு வாங்க" என்றார் ராஜாமணி அம்மா. அவர் குரல் பக்கத்து நாற்காலிக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"பத்து தட்டு இரட்டைப்படை ஆச்சே!" என்றார் ஒருவர்.

"தட்டு கெடக்கட்டும். ராஜாமணி இல்லாம நான் போக மாட்டேன்" என்றார் கோவிந்தசாமி தாத்தா. கேரத்தில் ராஜாமணி அம்மாவோடு தினமும் சண்டை போடுகிறவர் அவர்தான்.

எல்லாம் சரியாக வந்து கடைசியில் இப்படி ஆகிவிட்டதே! நிலோஃபர் எல்லாரையும் பார்த்தாள். கூடத்துப் பெரிய மேசையைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜோடியே வேணாம்!" என்று கத்தினாள். "நீங்க வட்டமாத்தானே உக்காந்திருக்கீங்க? எல்லாரும் வலது பக்கம் இருக்கறவங்களுக்குப் போடுங்க. அவங்க அவங்களோட வலது பக்கம் இருக்கறவங்களுக்கு. அப்படியே சுத்தி வந்தா யாரும் மிஞ்ச மாட்டாங்க!"

கோவிந்தசாமி தாத்தா விரலால் காற்றில் ஒரு சுற்று சுற்றிக் கணக்குப் போட்டுப் பார்த்தார். சரியாக வந்தது. ராஜாமணி அம்மா நிலோஃபரின் கன்னத்தைக் கிள்ளினார். நன்றாகவே வலித்தது. படிவங்கள் மேசையைச் சுற்றி வந்தன.

"உறவுன்னு ஒண்ணு கேக்குதே, அதுல என்னா எழுதறது?" என்று கேட்டார் ராஜாமணி அம்மா. அவருக்கு வலது பக்கம் இருந்தவர் கோவிந்தசாமி தாத்தா.

"கேரத்துல காயை ஒளிச்சி வெக்கிறவங்கன்னு எழுதுங்க" என்றார் தாத்தா.

ராஜாமணி அம்மா அவரை ஒரு முறை முறைத்தார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, 'பெண் வீட்டார்' என்று எழுதினார். அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே எழுதினார்கள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. உள்ளே பட்டும் சரிகையுமாகப் பதினொரு பேர், கையில் பதினொரு தட்டு. பழம், தேங்காய், மஞ்சள், வளையல், புடவை எல்லாம் இருந்தன. ஒரு தட்டில் பூவுக்கு நடுவே புத்தம் புதிய பிரஷர் மெஷின் இருந்தது. ஜான்சி அக்காவிடம் இருந்த பழைய மெஷின் எல்லாருக்கும் ஒரே அளவைத்தான் காட்டும்.

பேச்சுக்குரல் கேட்டு அறிவழகன் கைலியோடு ஓடி வந்தார். வாயில் பிரஷ் இருந்தது.

"பாய், யாரையும் விடாதீங்க!"

சைபுல்லா பதினொரு படிவங்களையும் நீட்டினார். அறிவழகன் ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் புருவம் மேலே ஏறியது.

"இவருக்கு இவங்க பொறுப்பு, இவங்களுக்கு அவுரு பொறுப்பு... யார் வேலை இது?"

நிலோஃபர் முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் சொன்னேன். தப்புன்னா எந்த வரி தப்புன்னு சொல்லுங்க சார்."

அறிவழகன் தேடினார். முன்னே திருப்பினார், பின்னே திருப்பினார். தப்பான வரி எதுவும் கிடைக்கவில்லை. எல்லாம் அவரே எழுதியது.

"அன்னிக்கி கோவிந்தசாமி ஐயா விழுந்தாரே. மறுபடியும் யாராவது விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? எனக்குப் பயமா இருக்கு பாப்பா" என்றார். உண்மையாகவே அவர் முகத்தில் பயம் தெரிந்தது.

கோவிந்தசாமி தாத்தா தட்டோடு முன்னால் வந்தார். "தம்பி, அன்னிக்கி நான் தனியா போனேன், விழுந்தேன். தூக்கி விட்டது யாரு தெரியுமா? டீக்கடையில இருந்த ராஜாமணிதான். இன்னிக்கி பத்து பேர் கூட வராங்க. எப்படி விழுவேன்?"

"விழுந்தாலும் எழுந்து போயி தாலி கட்டறத பாப்போம்" என்றார் ராஜாமணி அம்மா. "கைப்பிள்ளைங்க இல்ல நாங்க. கல்யாணத்துக்குப் போற பொண்ணு வீட்டுக்காரங்க. தொறக்கச் சொல்லுங்க தம்பி."

அறிவழகன் சைபுல்லாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

"அஞ்சு நிமிஷம் இருங்க. சட்டை மாத்திக்கிட்டு நானும் வரேன்."

கேட் திறந்தது. வேட்டி சட்டையோடு திரும்பி வந்த அறிவழகன் வெளியே கால் வைக்கப் போனார். சைபுல்லா பணிவாகக் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், உங்க ஃபாரம்?"

"எனக்கு எதுக்கு?"

நிலோஃபர் அறிவிப்பைப் பார்த்து உரக்கப் படித்தாள். "இல்லத்தில் தங்கியிருக்கும் எவரும்... நீங்களும் இங்கதானே சார் தங்கியிருக்கீங்க?"

அறிவழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாச்சு பாப்பா. எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் போட்டுட்டாங்களே, எனக்கு யார் போடுவாங்க?"

"வட்டத்துல ஒரு நாற்காலி போட்டா போச்சு சார். கோவிந்தசாமி தாத்தாவுக்கு நீங்க போடுங்க. உங்களுக்கு ராஜாமணிம்மா போடுவாங்க."

புதிதாக இரண்டு படிவங்கள் வந்தன. ராஜாமணி அம்மா தட்டை நிலோஃபரிடம் கொடுத்துவிட்டு, வேன் கதவின் மேல் தாளை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அறிவழகன் கோவிந்தசாமி தாத்தாவின் படிவத்தில் 'உறவு' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'பெண் வீட்டார்' என்று எழுதினார்.

திருவந்திபுரத்தில் அன்றைக்கு எத்தனை கல்யாணம் என்று எண்ண முடியவில்லை. எங்கே பார்த்தாலும் மாலை, எங்கே பார்த்தாலும் மேளம். சரியான மண்டபத்தைக் கண்டுபிடித்து அவர்கள் வாசலுக்கு வந்தபோது, மேடையில் ஜான்சி அக்கா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முகூர்த்தம் வந்துடுச்சி. பொண்ணு வீட்டுக்காரங்க எங்கப்பா?" என்று மாப்பிள்ளையின் அத்தை சத்தமாகக் கேட்டார்.

பதினொரு தட்டுகளும் வரிசையாக உள்ளே நுழைந்தன. முதல் தட்டோடு வந்த ராஜாமணி அம்மா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"நாங்கதான்!"

அக்கம் பக்கத்து மூன்று மண்டபங்களில் மேளம் நின்றுவிட்டது.