சுண்ணாம்பு லாரி: இரண்டாம் பாகம்

"என்னைக் கட்டுனதாலதான் அவரு வேலை நின்னுபோச்சான்னு மட்டும் சொல்லுங்க சார். வேற எதுவும் வேணாம்."

குரும்பலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள் வெற்றிச்செல்வி. பெரம்பலூரில் காப்பீட்டுக் கம்பெனிகளுக்காக விபத்துகளைத் துப்பறியும் சிங்காரவேலுவை அவளுக்கு முன்பே தெரியும். 2006 மாசியில் சிறுவாச்சூர் அருகே அவள் கணவன் அரவிந்தன் பைக்கில் அடிபட்டு இறந்ததை விசாரித்தவர் அவர்தான்.

அரவிந்தன் உருவாக்கிய 'சுண்ணாம்பு லாரி' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை அரியலூர்ப் பையன்கள் பைத்தியமாக ஆடினார்கள். இரண்டாம் பாகம் வருகிறது என்று நோட்டீஸ்கூட ஒட்டியாயிற்று. வரவே இல்லை. "நீ வந்தே, எல்லாம் போச்சு" என்று மாமியார் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்காட்டினாள்.

வெற்றிச்செல்வி கொண்டுவந்த பையில் அந்த இரண்டாம் பாகத்துக்காக அவன் செய்துவைத்த மூன்று சிடிக்களும், பின்பக்கத்தில் படம் வரைந்த நாள்காட்டித் தாள்களும் இருந்தன.

"கடைசித் தாள்ல தேதியே இருக்கே சார்! 2003 ஆகஸ்டு முப்பது. கல்யாணத்துக்கு முந்தின நாள்!" உதவியாளர் ஜெயசித்ராவுக்கு அவசரம் கூடவே பிறந்தது.

சிங்காரவேலு மட்டும் அந்தத் தாளைத் திருப்பி, பென்சிலில் வரைந்த லாரியை வெகுநேரம் பார்த்தார்.

மதியம் மூவரும் அரியலூர் போனார்கள். அரவிந்தனின் கூட்டாளி பிரேம்குமார் தன் கம்ப்யூட்டர் சென்டரில் சிடிக்களைப் போட்டுக் காட்டினான். எல்லாக் கோப்புகளிலும் 1980 ஜனவரி ஒன்று.

"அவன் கம்ப்யூட்டர்ல பேட்டரி செத்துப்போச்சு சார். எப்பப் போட்டாலும் அதே தேதிதான் காட்டும். மூணாவது சிடி வேற வேஸ்ட்டு. வண்டி கெளம்பவே கெளம்பாது."

"கெளம்ப வேணாம். நெத்தியைக் காட்டுங்க."

முதல் சிடியில் லாரியின் நெற்றி வெறுமையாக இருந்தது. இரண்டாவதில் 'வெற்றிச்செல்வி'. மூன்றாவதில் 'கலைமணி'.

"யாரு சார் அந்தப் பொண்ணு?" ஜெயசித்ரா கிசுகிசுத்தாள்.

"லாரி நெத்தியில யாரு பேரை எழுதுவாங்க? பொண்டாட்டி பேரு, புள்ளைங்க பேரு." அவர் திரும்பினார். "கலைமணி யாரும்மா?"

வெற்றிச்செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எங்க கொழந்தை. ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் பொருந்தும்னு வளைகாப்பு அன்னிக்கு நாங்களா வெச்ச பேரு. யாருகிட்டயும் சொல்லல. பத்தாம் நாளு வயித்துலயே... 2005 தை மாசம்."

சிங்காரவேலு அந்த நாள்காட்டித் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இந்தத் தாள்ல இருக்குற லாரியிலயும் கலைமணிதாம்மா. கிழிச்ச தாளையெல்லாம் சேர்த்து வெச்சு, பின்னாடி வரைஞ்சிருக்காரு. தேதி தாளுக்குத்தான், படத்துக்கு இல்ல. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் வேலை நடந்திருக்கு. உங்களால நிக்கல." பிறகு பிரேம்குமாரிடம் சொன்னார்: "மூணாவது புரோகிராமைத் தொறந்து பாருங்க தம்பி."

திறந்து படித்த பிரேம்குமாரின் முகம் மாறியது. "பழுது இல்ல சார். வண்டியை ஓட்டுற புரோகிராம் வரிகளை மட்டும் அவனே வேணும்னு நிறுத்தி வெச்சிருக்கான். கடைசியா செஞ்ச வேலை இதுதான்."

கேட்டு வந்த பதில் கிடைத்துவிட்டது. மாமியாரிடம் இனித் தலைநிமிர்ந்து பேசலாம். ஆனால் வெற்றிச்செல்வி எழுந்திருக்கவில்லை. திரையில் நகராமல் நின்ற லாரியையே பார்த்தபடி இருந்தாள்.

"கொழந்தை போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில அவரு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல சார். கல்நெஞ்சக்காரன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவரு சாகுற வரைக்கும் ஒரு வருஷம் நான் மொகம் குடுத்துப் பேசல."